‘பசுமை’ சோப்பு, ஷாம்புகளைக் கடையில் வைப்பதற்கு முன் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்?

தண்டையார்பேட்டை கடைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் ஃபேன்சி ஸ்டோர் நடத்திவருகிறேன். வளையல், பொட்டு, ரிப்பன் ஆகியவற்றோடு சோப்பு, ஷாம்பு, பற்பசை, முகப்பூச்சு ஆகியவையும் விற்கிறேன். கடை வாடகையைக் கொடுக்கவைப்பவை பின்னால் சொன்னவைதாம். அண்மைக் காலமாகக் கல்லூரிக்குப் போகும் பெண்கள் வந்து, ‘இயற்கையானது இருக்கிறதா, பிளாஸ்டிக் இல்லாதது இருக்கிறதா’ என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு புதிய நிறுவனத்தின் ஏஜென்ட் ஐந்து பொருள்களைக் கொண்டுவந்து காட்டினார்: ஷாம்பு கட்டி, பம்ப் வைத்த பாட்டிலில் கை கழுவும் திரவ சோப்பு, முகத்துக்கான ஸ்க்ரப், கண்டிஷனர், மக்கும் உறையில் அடைத்தது என்று சொல்லப்படும் ஷாம்பு பாக்கெட். விலை வழக்கமானதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்குக் கிடைக்கும் மார்ஜினும் அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எல்லா அட்டைகளும் பழுப்பு நிறம். ஓர் இலைப் படம். கையால் எழுதியதைப் போன்ற எழுத்து. ‘பூமிக்கு நல்லது’, ‘விலங்குகள் மீது சோதிக்கப்படாதது’, ‘சல்ஃபேட் இல்லை, பாரபென் இல்லை’, ‘வேப்பிலைச் சாறு கொண்டது’, ‘பிளாஸ்டிக் நியூட்ரல்’ என்று எழுதியிருக்கிறது. வட்ட முத்திரைகள் மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் சான்று வழங்கிய அமைப்பின் பெயர் உண்டு, மற்ற இரண்டும் நிறுவனமே வரைந்துகொண்டவை போலத் தெரிகின்றன.

எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் ‘இது நல்லது, வாங்கிப் போ’ என்று நான் சொல்லி விற்றுவிட்டால் அந்தச் சொல்லுக்கு நான்தான் பொறுப்பு. ஏஜென்ட் வேறு ஊருக்குப் போய்விடுவார், இந்தத் தெருவில் அந்தப் பெண்களின் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான். பசுமை என்று எழுதிய எல்லாமே ஏமாற்று என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. உண்மையாகவே முயல்கிறவர்களும் இருக்கக்கூடும் அல்லவா? எதை வைத்துப் பிரித்தறிவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கூடவே இன்னொன்று: பற்பசை டியூபின் அடியில் பச்சைக் கோடு இருந்தால் அது இயற்கையானது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி உண்மையா?

மணலி பழைய ஆய்வகத்தார்:

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடு, டியூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும் என்று இயந்திரத்தின் ஒளியுணர்விக்குக் காட்டுவதற்காக அச்சிடப்படுவது. பச்சை, நீலம், கறுப்பு என எந்த நிறமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பசையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மணலியில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அட்டையைப் படிக்கும்போது நான் எப்போதும் முதலில் செய்வதைச் சொல்கிறேன். சட்டம் ஏற்கெனவே எல்லோரையும் செய்யவைத்திருக்கும் காரியங்களை அந்த அட்டையிலிருந்து கழித்துவிடுங்கள். கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அந்த நிறுவனத்தின் சொந்த முயற்சி. அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதை இந்தியா 2014-இலேயே தடைசெய்துவிட்டது. அப்படிச் சோதித்த பொருள்களை இறக்குமதி செய்வதற்கும் அதே ஆண்டில் தடை வந்தது. ஆகவே இங்கே தயாராகும் ஒரு சோப்பின் மேல் முயல் படத்தைப் போடுவது, ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டியதற்குப் பாராட்டுக் கேட்பதைப் போன்றது. ஸ்க்ரப்பில் ‘பிளாஸ்டிக் மணிகள் இல்லை’ என்று இருந்தால் அதற்கும் இதே கணக்குத்தான்: இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2017-இலேயே அந்த நுண்மணிகளை அழகுசாதனப் பொருள்களில் பயன்படுத்தத் தகாதவை என்று வகைப்படுத்திவிட்டது.

‘பிளாஸ்டிக் நியூட்ரல்’ என்பது இன்னும் சுவாரசியமானது. தாங்கள் விற்ற பிளாஸ்டிக் எவ்வளவோ அதே எடையுள்ள கழிவை வேறெங்கோ சேகரிக்கவைத்துவிட்டோம் என்பதே அதன் பொருள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட, உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு குறித்த வழிகாட்டுநெறிகள், 2023-24 முதல் தங்கள் பிளாஸ்டிக் உறைகள் முழுவதற்கும் அந்தந்த நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்கின்றன. அப்படியானால் ஒரு பெரிய நிறுவனம் இதைப் பெருமையாக அச்சிடும்போது, சட்டத்துக்கு மேலாக ஒரு கிலோவாவது எடுத்தீர்களா என்றுதான் கேட்க வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டு. உங்களிடம் வந்தது அத்தகைய சிறு நிறுவனமாக இருந்தால், அந்த வாக்கியத்துக்கு மெய்யான மதிப்பு இருக்கக்கூடும். ஆதாரத்தைக் கேளுங்கள். இந்தத் துறையில் தாள் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023-இல் நடத்திய தணிக்கையில் மறுசுழற்சி நிறுவனங்கள் சில வழங்கியிருந்த சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன.

அடுத்ததாக உட்பொருள் பட்டியல். ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அளவில் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை அதன் பிறகு எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பது விதி. கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படும் ஃபினாக்சிஎத்தனால் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, வேப்பிலைச் சாறு அதற்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இருந்தால், அட்டையின் முகப்பில் இலையாக விரிந்திருக்கும் அந்த வேம்பு பாட்டிலுக்குள் ஒரு சதவீதம்கூட முழுதாக இருக்க வாய்ப்பில்லை. ஆயுர்வேத உரிமத்தில் விற்கப்படும் பற்பசை, எண்ணெய் ஆகியவற்றில் வேறொரு வழக்கம் உண்டு. மூலிகைகளை எல்லாம் மில்லிகிராம் கணக்கில் வரிசையாக எழுதிவிட்டு, மிச்சமுள்ள பெரும்பகுதியை ‘அடிப்படைப் பொருள், தேவையான அளவு’ என்ற ஒற்றைத் தொடரில் முடித்துவிடுவார்கள்.

‘சல்ஃபேட் இல்லை, பாரபென் இல்லை’ என்பவை சுற்றுச்சூழல் பற்றிய கூற்றுகளே அல்ல. சல்ஃபேட் நுரைக்காகவும், பாரபென் கெட்டுப்போகாமல் இருக்கவும் சேர்க்கப்படுபவை. அந்தக் கூற்றுகள் தோல், தலைமுடி பற்றியவை, அல்லது அச்சம் பற்றியவை. வழக்கமான ஷாம்புகளில் நுரை தரும் லாரில், லாரத் சல்ஃபேட்டுகள் கழிவுநீரில் எளிதில் சிதைந்துவிடுகிறவை. அதிலும் கண்டிஷனரில் சல்ஃபேட் இல்லை என்று எழுதுவது வேடிக்கை. நுரைக்கவே வேண்டாத ஒன்றில் அது எதற்காக இருக்கப்போகிறது? கண்டிஷனரில் நீங்கள் தேட வேண்டிய பெயர் சைக்ளோபென்டாசிலாக்சேன் என்ற சிலிக்கோன் சேர்மம். தண்ணீரோடு அலசிவிடப்படும் பொருள்களில் இதன் அளவு 0.1 சதவீதத்தை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. சுற்றுச்சூழலில் அது நெடுங்காலம் தங்கிவிடும் என்பதே காரணம். நம் தெருக்களின் சாக்கடை கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அதில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவுக்கு மேலும் சுத்தம்செய்யப்பட்டு மணலி ஆலைகளுக்கே திரும்பி வருகிறது. போகும் நீரில் என்ன கலக்கிறது என்பது நமக்கு அயலார் விவகாரம் இல்லை.

பாமாயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயிலை இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. சோப்பு அட்டையில் சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று இருப்பவை அதிலிருந்து வந்தவை. 2004-இல் தொடங்கப்பட்ட ஆர்எஸ்பிஓ என்ற அமைப்பு இதற்குச் சான்று தருகிறது. ஆனால் அந்த முத்திரையின் கீழே இருக்கும் சிறிய சொல்லைப் படிக்காமல் விடக் கூடாது. ‘சர்ட்டிஃபைட்’ என்றால் சான்று பெற்ற தோட்டத்து எண்ணெய் தனியாகவே வந்து சேர்ந்தது. ‘மிக்ஸ்டு’ என்றால் மற்ற எண்ணெயோடு கலந்து வந்தது. ‘கிரெடிட்ஸ்’ என்றால் எண்ணெய் எங்கிருந்து வந்ததோ, அதற்கு ஈடாகக் காகிதத்தில் பணம் கட்டப்பட்டிருக்கிறது. பாமாயிலே இல்லை என்று சொல்வதாலும் ஒரு பொருள் உயர்ந்துவிடாது. ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயில் பாதியைக்கூடத் தென்னை தருவதில்லை. எல்லோரும் தேங்காய் எண்ணெய்க்கு மாறினால் நிலம் அதிகம் தேவைப்படும்.

‘தாவரத்திலிருந்து பெறப்பட்டது’ என்ற சொல்லைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. க்ரீம்களில் ஈரப்பதத்துக்காகச் சேர்க்கப்படும் புரோப்பிலீன் கிளைகாலும், சலவைத் தூளுக்கு மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீனும் மணலியிலேயே பெட்ரோலியத்திலிருந்து தயாராகின்றன. அட்டையில் இலைப் படத்தோடு கடைக்கு வரும் ஒரு பொருளின் ஒரு பகுதி இந்தக் காற்றில் உருவானதாக இருக்கலாம். அதனாலேயே அது தீது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த நிறுவனம்தான் தன் பொருளைத் தானே அறிந்திருக்கிற நிறுவனம்.

ஷாம்பு கட்டியில் மட்டும் அவசரப்படாதீர்கள். இரண்டு வகை உண்டு. பட்டியலின் தொடக்கத்தில் சோடியம் கோகோவேட், சோடியம் பாமேட் என்று இருந்தால் அது சோப்பு. நம் பகுதியின் உப்பான போர் தண்ணீரில் அது நுரைக்காமல் திரிந்து, தலைமுடியில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்று இருந்தால் கடின நீரிலும் வேலை செய்யும். வாங்கியவர் ஒரு முறை தேய்த்துவிட்டு மூலையில் போட்டுவிடும் கட்டி, எவ்வளவு காகிதத்தில் சுற்றியிருந்தாலும் வீண்தான். வெளிநாட்டு நிறுவனங்கள் ‘ஷாம்பின் கார்பன் சுமையில் பெரும்பகுதி குளிக்கும் வெந்நீரில்தான்’ என்று சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. வாளியில் பச்சைத் தண்ணீர் மொண்டு குளிக்கும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது; இங்கே உறைக்கும் உட்பொருளுக்கும்தான் பங்கு கூடுதல். ஆனால் சீக்கிரம் அலசிவிடும் பொருளுக்கு இங்கும் மதிப்பு உண்டு. வடசென்னைக் குழாய்களில் வரும் நீரில் ஒரு பகுதி மீஞ்சூர் ஆலையில் மின்சாரத்தைக் கொட்டிக் கடல்நீரைக் குடிநீராக்கியது.

எருக்கஞ்சேரி காயலான் கடை:

அக்கா, ஐயா உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டார்; உறையைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் குடும்பம் எருக்கஞ்சேரியில் காயலான் கடை வைத்திருக்கிறது. ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்று ஒரு பாட்டிலில் எழுதியிருப்பதற்கும், அதை மறுசுழற்சிக்காக நான் காசு கொடுத்து வாங்குவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெட், 2 என்றால் எச்டிபிஇ, 5 என்றால் பிபி. இந்த மூன்றையும் எடுத்துக்கொள்வோம். 7 என்றால் ஏதோ ஒரு கலவை. அதை யாரும் கேட்பதில்லை. அதே பாட்டிலின் தலையில் இருக்கும் பம்ப் வேறு கதை: உள்ளே இரும்பு ஸ்பிரிங், வெளியே ஒரு பிளாஸ்டிக், குழாய் வேறொரு பிளாஸ்டிக். கடையில் உட்கார்ந்து பிரிக்கும் பெண்கள் அதைத் திருகிக் கழற்றி ஓரமாக எறிந்துவிடுவார்கள். பாட்டில் முழுவதையும் இறுக்கமாக மூடியிருக்கும் பளபளப்பான ஸ்லீவும் தொல்லைதான்; அதைக் கத்தியால் கீறி உரிக்க வேண்டும். வெள்ளைப் பாட்டிலுக்குக் கிடைக்கும் விலை கறுப்புப் பாட்டிலுக்குக் கிடைக்காது. ஒரே வகைப் பிளாஸ்டிக், திருகு மூடி, சிறிய காகித லேபிள்: இப்படி ஒரு பாட்டிலை ஒருவர் வடிவமைத்திருந்தால், அவர் கழிவு எங்கே போகிறது என்று ஒருமுறையாவது யோசித்திருக்கிறார் என்று நான் நம்புவேன்.

கண்ணாடி ஜாடியைப் பார்த்து மயங்க வேண்டாம். க்ரீம் வரும் தடித்த சிறு ஜாடிகளைத் திரும்ப நிரப்ப யாரும் கேட்டு வருவதில்லை, உடைசலாகத்தான் போகும். அலுமினிய டப்பாவை மட்டும் எந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். மூங்கில் பிரஷ்ஷின் கைப்பிடி மூங்கில்தான், ஆனால் பற்களைத் தேய்க்கும் இழைகள் பெரும்பாலும் நைலான். காகிதம் போலத் தெரியும் உறையின் ஓரத்தை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். கிழியும் இடத்தில் மெல்லிய ஜவ்வு இழுபட்டால் அதற்குள் பிளாஸ்டிக் இருக்கிறது. தென் கொரியாவில் இன்னிஸ்ஃப்ரீ என்ற நிறுவனம் ‘நான் காகிதப் பாட்டில்’ என்று எழுதி விற்ற பொருளை 2021-இல் ஒருவர் அறுத்துப் பார்த்தபோது உள்ளே பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. பிளாஸ்டிக்கைப் பாதியளவு குறைத்திருந்தது உண்மை. பெயர் வைத்த விதம்தான் தவறு என்று அந்த நிறுவனமே பிறகு வருத்தம் தெரிவித்தது.

பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். ஷாம்பு பாக்கெட்டை எந்தக் காயலான் கடையிலும் எடுக்க மாட்டார்கள். பல அடுக்குகளை ஒன்றாக ஒட்டியது; பிரிக்க முடியாது, எடையும் இல்லை. கொடுங்கையூர் குப்பைமேடு சுமார் 343 ஏக்கர்; அங்கே பழைய குப்பையைக் கிளறிச் சலிக்கும்போது வெளிவரும் மெல்லிய பிளாஸ்டிக்கெல்லாம் எரிபொருளாக சிமெண்ட் ஆலைகளுக்குத்தான் போகிறது. மக்கும் பாக்கெட் என்றால், ‘எங்கே மக்கும்’ என்று ஏஜென்டைக் கேளுங்கள் அக்கா. மக்கும் பிளாஸ்டிக் எனப்படுபவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய 58 டிகிரி வெப்பத்தைத் தொடர்ந்து வைத்திருக்கும் உரக்கிடங்கில்தான் மக்கும். தெருமுனைத் தொட்டியிலோ, கேப்டன் காட்டன் கால்வாயின் சேற்றிலோ அது சாதாரண பிளாஸ்டிக்காகவே கிடக்கும்.

ராயபுரம் வழக்கறிஞர்:

சகோதரி, உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய கருவியை யாரும் இன்னும் சொல்லவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று, தவறாக வழிநடத்தும் சுற்றுச்சூழல் கூற்றுகளைத் தடுப்பதற்கான வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’, ‘இயற்கையானது’, ‘ஆர்கானிக்’ போன்ற சொற்களைப் போதிய விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. சொல்வது முழுப் பொருளைப் பற்றியா, உறையைப் பற்றியா, தயாரிப்பு முறையைப் பற்றியா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். ஆதாரத்தைக் கியூஆர் குறியீடு அல்லது இணைய முகவரி வழியாக எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ‘மக்கும்’, ‘பிளாஸ்டிக் இல்லாதது’, ‘நூறு சதவீதம் இயற்கை’ போன்றவற்றுக்கு நம்பத்தக்க சான்றோ அறிவியல் ஆதாரமோ வேண்டும். விளம்பரத் தர மன்றமான ஏஎஸ்சிஐயும் 2024 பிப்ரவரி 15 முதல் இதே போக்கிலான விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஆகவே உங்கள் ஏஜென்டிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. ‘பூமிக்கு நல்லது’ என்ற வாக்கியம் எந்தப் பாகத்தைப் பற்றியது, அதற்கு ஆதாரம் எந்த இணைப்பில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். பதில் வராததும் ஒரு பதில்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பொய்யான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். புகார் சொல்ல விரும்புகிறவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம்.

ஆனால் இந்த நெறிகளில் ஓர் இடைவெளி இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘எங்கள் நிறுவனம் நீடித்த வளர்ச்சிக் கொள்கையின்படி நடக்கும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் அது பொருளைப் பற்றிய கூற்றாகக் கருதப்படாது. ‘எங்கள் பொருள்கள் அனைத்தும் அப்படித்தான் தயாராகின்றன’ என்றால்தான் ஆதாரம் கேட்க முடியும். திறமையான விளம்பர எழுத்தாளர்கள் இந்த இரண்டுக்கும் இடையிலேயே நடப்பார்கள். இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல: ஐரோப்பிய ஆணையம் 2020-இல் 150 சுற்றுச்சூழல் கூற்றுகளை ஆராய்ந்தபோது அவற்றில் 53 சதவீதம் தெளிவற்றவையாகவோ தவறாக வழிநடத்துபவையாகவோ ஆதாரமற்றவையாகவோ இருந்தன.

முத்திரைகளைப் பொறுத்தவரை, சான்று யாருக்கு வழங்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். இயற்கை, ஆர்கானிக் அழகுசாதனப் பொருள்களுக்கான காஸ்மாஸ் போன்ற சான்றை முழுப் பொருளுக்கும் வாங்கலாம், மூலப்பொருளுக்கு மட்டும் அங்கீகாரமும் வாங்கலாம், இரண்டும் ஒன்றல்ல. அந்தத் தரத்தின் கீழ் ‘ஆர்கானிக்’ என்று அழைக்கப்படும் ஷாம்பில், மொத்த எடையில் 10 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தாலே போதும் என்பது பலருக்கு அதிர்ச்சி தரும். ஷாம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீருக்கு ஆர்கானிக் சான்று கிடையாது என்பதால் வந்த வரம்பு அது, மோசடி அல்ல. விலங்குச் சோதனைப் பட்டியல்களிலும் பீட்டாவின் பட்டியல் நிறுவனத்தின் உறுதிமொழியை ஏற்பது; லீப்பிங் பன்னி என்ற முயல் முத்திரை தணிக்கைக்கு உட்படச் சொல்வது. நம் அரசே 1991-இல் ஈகோமார்க் என்ற திட்டத்தைத் தொடங்கி, மண்பானைப் படத்தை முத்திரையாக வைத்தது. சோப்பும் அழகுசாதனப் பொருள்களும் அதில் அடக்கம். மிகச் சிலரே அதை வாங்கினார்கள். 2024-இல் விதிகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். கடைகளில் அந்தப் பானை தென்படும் நாள் வருமா என்று பார்ப்போம்.

புளியந்தோப்பு வாசகி:

எல்லாம் சரி. ஆனால் இந்த உரையாடல் போகும் போக்கில், கடைசியில் பாக்கெட் ஷாம்பு வாங்குகிறவள்தான் குற்றவாளி என்று முடிந்துவிடுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. நாள் கூலியில் வீடு நடத்துகிறவளிடம் இருநூறு ரூபாய்ப் பாட்டிலை வாங்கச் சொல்ல முடியாது; கடை வாசலில் தொங்கும் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுப்பதுதான் அவள் கைக்கு எட்டும் அளவு. பாக்கெட் ஷாம்பைப் பரவலாக்கியதில் நம் தமிழ்நாட்டுக்கே முதன்மையான பங்கு உண்டு. 1983-இல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு, சாதாரண மக்கள் வீட்டிலும் ஷாம்பைக் கொண்டுசேர்த்தது. அதைப் பழித்துப் பேச எனக்கு மனம் இல்லை.

நான் கேட்க நினைப்பது வேறு. ஒரு பெரிய நிறுவனம் பழுப்பு அட்டையில் ஒரே ஒரு ‘பசுமை’ வரிசையை வெளியிட்டு அதற்கே எல்லா விளம்பரத்தையும் செலவழிக்கிறது. அதன் மொத்த விற்பனையில் அந்த வரிசை எத்தனை பங்கு? மீதிப் பங்கு பாக்கெட்டுகளாகவே இருந்தால், அந்த நிறுவனம் மாறிவிட்டதாக நான் ஏன் நம்ப வேண்டும்? இதைவிடவும் உறுத்துவது இன்னொன்று. 60 மில்லிலிட்டருக்குக் குறைவான திரவப் பொதிகளில் உட்பொருள் பட்டியல் போட வேண்டிய கட்டாயமே இல்லை. மேலே ஐயா அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்த படிப்பு எங்கள் தெருவில் விற்கும் பாக்கெட்டுக்குச் செல்லாது. என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் பெரிய பாட்டில் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான்.

ராசப்பா செட்டி தெருவுக்குப் போய்ச் சீயக்காய், பூலாங்கிழங்கு, வெந்தயம் வாங்கி மில்லில் அரைத்துக்கொள் என்று யாராவது சொல்ல வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் தேய்க்கிறோம். விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற நாளில், அதை அலசி எடுக்க நேரமும் இல்லை, லாரித் தண்ணீரில் அத்தனை குடமும் இல்லை.

தண்டையார்பேட்டை கடைக்காரி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றைத் தொகுத்து ஏஜென்டுக்கு எழுத்தில் அனுப்பினேன். அவர் தலைமையகத்திடம் கேட்டு அனுப்பிய பதிலை இங்கே பகிர்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை என்பதால் விடுகிறேன்.

பெயரோடு இருந்த அந்த ஒரு முத்திரை, அவர்களுக்கு நுரைப்பொருள் விற்கும் வேறொரு நிறுவனத்தின் மூலப்பொருளுக்குக் கிடைத்த அங்கீகாரமாம். இவர்களின் பொருளுக்கு எந்தச் சான்றும் இல்லை. மற்ற இரண்டும் ‘வடிவமைப்புக்காக’ என்று எழுதியிருந்தார்கள். மக்கும் பாக்கெட்டுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணைக் கேட்டதற்கு, விண்ணப்பித்திருப்பதாகப் பதில் வந்தது. கண்டிஷனரின் பட்டியலில் மூன்றாவது பெயர் சைக்ளோபென்டாசிலாக்சேன். ஷாம்பு கட்டியில் சோடியம் கோகோவேட்தான் முதலில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் அதைக் கரைத்துப் பார்த்தேன், நுரைக்குப் பதிலாக வெள்ளைத் திரி திரியாக மிதந்தது.

திரவ சோப்பும் ஸ்க்ரப்பும் வேறு மாதிரி. பாட்டில் எச்டிபிஇ, அதில் பாதிக்கு மேல் பழைய பிளாஸ்டிக் சேர்ந்தது என்பதற்கு, அதை விற்ற ஆலையின் பில்லையும் சான்றையும் அனுப்பியிருந்தார்கள். ஸ்க்ரப்பில் உரசுவது அரிசி மாவு; அலுமினிய டப்பாவில் வருகிறது. சிறு நிறுவனம் என்பதால் கழிவுச் சேகரிப்பில் அவர்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்திருக்கிறார்கள், எடைச் சீட்டுகளும் இருக்கின்றன. நான் கேட்ட எதையும் அவர்கள் மழுப்பவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அட்டையை எழுதியவர் ஒருவர், சரக்கைத் தயாரிப்பவர் வேறொருவர் என்று தோன்றுகிறது. ஆகவே இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் திருப்பிவிட்டேன். கடைத் தட்டில் ‘பூமிக்கு நல்லது’ என்று நான் எழுதப் போவதில்லை, ‘பாட்டிலில் பாதிக்கு மேல் மறுசுழற்சிப் பிளாஸ்டிக், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவரலாம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பாக்கெட் சரங்கள் வாசலில் அப்படியேதான் தொங்குகின்றன. புளியந்தோப்பு சகோதரியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

காயலான் கடைத் தம்பிக்கு ஒரு கேள்வி: காலிப் பாட்டில்களை என் கடையில் சேர்த்து வைத்தால் நீங்கள் வந்து எடுத்துக்கொள்வீர்களா, பம்பை என்ன செய்வது?

எருக்கஞ்சேரி காயலான் கடை:

கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறேன் அக்கா. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மிச்ச சோப்பைக் கை கழுவப் பயன்படுத்திவிட்டு, மூடியில்லாமல் காயவைத்துச் சாக்கில் போட்டு வையுங்கள். ஒரு சாக்கு நிறைந்ததும் சொல்லுங்கள், தண்டையார்பேட்டை பக்கம் வண்டி வரும்போது எடுத்துப் போகச் சொல்கிறேன். பம்பை நான் எடுக்க முடியாது. அதே பம்பை அடுத்த பாட்டிலுக்கும் மாட்டிக்கொள்ளலாம் அல்லவா? பம்ப் இல்லாமல் வெறும் திருகு மூடியோடு, கொஞ்சம் விலை குறைத்துத் தர முடியுமா என்று ஏஜென்டிடம் அடுத்த முறை கேட்டுப் பாருங்கள்.